எட்டாம் நாள் அடித்த ஆணி

ஆணியை அடித்தது மன்சிக்தான். அவன் தரப்பில் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பெரிய விருந்தாளி வந்து எட்டாம் நாள். வெளியாள் நுழையாதிருக்க வாசலில் வைக்கோல் கயிறு கட்டியிருந்தது. யாரும் உரக்கப் பேசவில்லை, ஊசியில் நூல்கூடக் கோர்க்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில், பட்டப்பகலில், சுத்தியலை எடுத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தான்.

பெரியம்மையை ஜொன்ஜு ஊர்ப் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள். அவள் விருந்தாளி. பதின்மூன்று நாள் தங்குவாள். மரியாதை குறையாவிட்டால், வழியனுப்பக் கட்டிவைக்கும் வைக்கோல் குதிரையில் ஏறிப் போய்விடுவாள். அவள் இருக்கும்போது ஆணி அடித்தால் அவள் கண்ணில் அடித்த மாதிரி. இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் மன்சிக்குக்குத் தொழில் தொப்பி பழுதுபார்ப்பது. ஒரு பெரிய மனிதரின் குதிரைமயிர்த் தொப்பி தரையில் இருந்தது. பூனை அதில் குடியேறப் பார்த்தது. ஊரில் அந்தத் தொப்பிக்குத் தன்னைவிட மதிப்பு அதிகம் என்று அவனுக்குத் தெரியும். அதை உயர மாட்டக் கைக்குச் சுத்தியல் வந்த நேரம் புத்தி வெளியே போயிருந்தது. மூன்றாவது அடி கட்டைவிரலில் விழுந்தது. "ஐகோ!" என்று ஒற்றைக் காலில் குதித்தான். பாயில் கிடந்த அவன் மகள், ஐந்து வயது சம்வோல், கொப்புளம் கட்டிய உதட்டோடு சிரித்தாள்.

பத்தாம் நாள் விடியும்போது சம்வோல் இல்லை.

சின்னப் பிள்ளைக்குத் துக்க உடை கிடையாது, சடங்கு கிடையாது, பெற்றவர்கள் பின்னால் போகவும் கூடாது. அடுத்த வீட்டு பக் அண்ணன்தான் வந்தார். சின்ன வயதிலேயே விருந்தாளி அவர் முகமெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்ததால் அவருக்குப் பயமில்லை. கோரைப்பாயில் சுற்றி, முதுகில் மாட்டும் சுமைச் சட்டத்தில் தூக்கிப் போனார். வெறும் சட்டத்தோடு திரும்பினார்.

"எங்கண்ணே வெச்சீங்க?"

"மலையில."

"மலை பெருசாச்சே."

"அதுக்குத்தான்டா மலையில வெக்கிறது. தெரிஞ்சா உன் பொண்டாட்டி தினம் போய்க் கல்லைப் பொரட்டுவா. நீ அவளுக்கு முன்னாடி போவே."

"அண்ணே, அந்த ஆணி..."

"கள்ளு அனுப்பறேன். குடிச்சிட்டுப் படு."

அதெல்லாம் ஒரு பதிலா?

பன்னிரண்டாம் நாள் பையனுக்கு உடம்பு கொதித்தது. கெத்தோங், இரண்டு வயது. நாய்ப்பீ என்று அர்த்தம்; எந்தத் தேவதைக்கும் ஆசை வரக்கூடாதென்று தேடி வைத்த பெயர். பெண்ணுக்கு மட்டும் மூன்றாம் மாதத்தின் பெயரை அழகாக வைத்துத் தொலைத்தோமே என்று அதற்கும் சேர்த்துப் பயந்தான் மன்சிக்.

ஆணி சுவரில் இருந்தது. தொப்பி ஆணியில் தொங்கியது. பிடுங்கலாம். ஆனால் பிடுங்கினால் சத்தம் வரும். அடித்தது ஒரு குற்றம், பிடுங்குவது இன்னொரு குற்றமாகிவிட்டால்? விட்டுவைத்தால் விருந்தாளியின் கண்ணில் அது இன்னும் குத்திக்கொண்டே இருக்குமே. காலையிலிருந்து நான்கு முறை கையை நீட்டி நான்கு முறையும் இழுத்துக்கொண்டான். கூரைக்கு அடியில் அந்தக் கறுப்புத் தொப்பி, முகமில்லாத ஒருவர் நின்று பார்ப்பதுபோல் இருந்தது. அவன் அதற்குக் கும்பிடு போட்டான். பிறகு, தொப்பிக்குப் போய்க் கும்பிடு போட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கும்பிடும் போட்டான்.

அவன் கூப்பிட்டு வந்த சாமியாடும் அம்மாள் வாசல் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அம்மா, ஆணியாலதான் எம் பொண்ணு போச்சா?"

"மேல உள்ளவ மனசு யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்னுதானே கூப்பிட்டேன்!"

"சத்தம் போடாதே. உள்ள விருந்தாளி இருக்கா." கையிலிருந்த மணியை ஆட்டாமலே போய்விட்டாள்.

மன்சிக் உள்ளே போனான். மனைவி பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.  அவளை எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷமாக மகள் பெயரை வைத்துத்தான் கூப்பிட்டிருந்தான்; இன்று மகன் பெயரை வைத்து ஆரம்பித்தான்.

"கெத்தோங் அம்மா..."

அவள் திரும்பவில்லை.

"சம்வோல் அம்மா."

திரும்பினாள்.

"நாந்தானே? அந்த ஆணிதானே? திட்டு. சுத்தியலால வேணா அடி. நான் சிரிப்புக் காட்டிச் சமாளிக்கிறவன், இப்ப எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது. இவனும் போயிடுவானோன்னு பயமா இருக்கு. எல்லாரும் மழுப்புறாங்க. நீயாவது சொல்லு."

அவள் துணியைப் பையன் நெற்றியில் போட்டாள்.

"ஆணி அடிச்சது மத்தியானம்," என்றாள். "அன்னிக்கு விடியக்காலையிலயே அவ முதுகுல கொப்புளமெல்லாம் கறுத்துப்போச்சு. கறுத்தா தங்காது. என் தங்கச்சிக்குப் பாத்திருக்கேன். உங்ககிட்ட சொல்லல. சொல்லியிருந்தா அவ முன்னாடி உங்க மூஞ்சி மாறிப்போயிருக்கும். விரலைப் புடிச்சிக்கிட்டுக் குதிச்சிருக்க மாட்டீங்க. அவளும் சிரிச்சிருக்க மாட்டா."

வெளியே காக்கை கத்தியது. அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப இவன்?"

அவள் பையனின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"செவப்பாத்தான் இருக்கு, கறுக்கல. பொழைப்பானான்னு எனக்குத் தெரியாது. நீங்க அந்த ஆணியைப் புடுங்கிட்டுத் தண்ணி எடுத்துட்டு வாங்க."