பையைக் கிழிச்சு நடுங்க

என் மேல என்ன குத்தம் வேணா சொல்லுங்க, தேயிலக் கன்னு வளக்கத் தெரியாதவன்னு மட்டும் சொல்லிறாதீங்க. எனக்குக் கெட்ட கோவம் வரும். இலங்கை மலைநாட்டுல, நோர்வூட்டுப் பக்கம் எங்க தோட்டத்து நாத்து மேடையில பதினெட்டு வருசமா நிக்கிறவ நான்.

போன வருசம் கன்னு வளக்க புதுப் பை வந்துச்சு. தொட்டா மொறமொறன்னு இருக்கும். நடுற அன்னைக்கு, தோட்டத்து வேலைய மேற்பாக்குற கண்டாக்கு கணேசமூர்த்தி வந்து, "இது மக்குற பிளாஸ்டிக். கிழிக்காம அப்படியே குழியில வைங்க, மூணு மாசத்துல மண்ணாப் போயிரும்"னாரு. என்ன பிளாஸ்டிக்குன்னு கேட்டேன். பை வந்த பெட்டியப் பாத்து, பாலியெஸ்டர் வகைன்னாரு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. என் கல்யாணத்துக்கு எடுத்த பாலியெஸ்டர் சேல அப்பவும் எங்க லயத்து வீட்டுக் கொடியில நூல் பிரியாமத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. "மக்காட்டி வேரு வெளிய வராதுங்க ஐயா, கன்னு செத்துப்போயிரும்"ன்னேன்.

"ஒனக்கு என்ன தெரியும்"னாரு.

மத்தவங்க மூவாயிரம் கன்னைப் பையோட நட்டாங்க. என் கையில வந்த இருநூறையும் நான் கிழிச்சுத்தான் நட்டேன். மறுநாள் காலையில பேர் கூப்பிட்டு வேல பிரிக்கிற பெரட்டுல, அத்தன பேரு முன்னால, "நிஷாந்தி இனி நாத்து மேடைப் பக்கமே வரவேணாம், கொழுந்து பறிக்கப் போ"ன்னுட்டாரு. மலையேறுற வழியெல்லாம் அழுதேன். நான் குச்சி வெட்டி வச்சு வளத்த கன்னுங்க அதெல்லாம்.

அழுதுட்டு சும்மா இருக்கிறவளா நான்? வெறும் பை ரெண்டு எடுத்தேன். அந்தச் சேலையிலயும் ரெண்டு துண்டு கிழிச்சேன். ஒரு பையும் ஒரு துண்டும் லயத்துக்குப் பின்னால மண்ணுல பொதச்சேன். மத்தது மாட்டுப்பட்டி எருக் குவியலுக்குள்ள. அந்தக் குவியல்ல கைய விட்டா சுடும்.

நாலு மாசத்துல பையோட நட்ட கன்னெல்லாம் மஞ்சளாப் போச்சு. என்னன்னு பாக்க விதுசன் சேர் வந்தாரு, யாழ்ப்பாணத்து ஆளு, பயிர் ஆபீசர். நேரா அவர்கிட்டப் போய், "வாங்க சேர், ஒண்ணு காட்டுறேன்"னு கூட்டிட்டுப் போனேன். கண்டாக்கும் மொறச்சுக்கிட்டே பின்னால வந்தாரு.

எருவுல இருந்த பை தூள் தூளா உதிர்ந்துச்சு. மண்ணுல இருந்தது வச்ச மாதிரியே இருக்கு. சேலத் துண்டு ரெண்டு எடத்துலயும் ஒண்ணும் ஆகல.

விதுசன் சேர் குந்தி உக்காந்துட்டாரு. "அக்கா, பையும் சேலையும் ஒரே குடும்பம்தான், ஆனா குணம் வேற. சின்னத் துண்டுகள் கைகோத்து நிக்கிற நீளச் சங்கிலிதான் பாலியெஸ்டர். கைகோத்த இடத்தைத் தண்ணி கழட்டினா மிச்சத்தைக் கிருமி தின்னும். சேலைச் சங்கிலியில தட்டை வளையங்கள் இருக்கு. அதுகள் இறுக்கி அடுக்கி நிக்கும், தண்ணி நுழைய ஏலாது. பையில அந்த வளையம் இல்லை. ஆனா குளிருக்குள்ள இதுவும் விறைச்சுப்போய் நிக்கும். அறுபது பாகை அளவில சூடு வேணும், அப்பதான் இளகும்."

"எங்க மண்ணு இருபதையே தாண்டாதே சேர்."

"அதுதான் அக்கா பிழை. இது எருக்குவியலுக்குச் செய்த பை."

சேலைய வச்சு நான் நெனச்ச காரணம் பாதி தப்பு, ஒத்துக்கிறேன். சொன்ன விசயம் தப்பில்ல.

அப்புறம் மலைக்குப் போய் ரெண்டு கன்னு தோண்டினோம். பையோட நட்டதுல வேரு உள்ளயே சுத்திச் சுத்தி முடங்கிக் கெடந்துச்சு. நான் நட்டதுல வேரு ஒரு சாண் ஓடியிருந்துச்சு. கண்டாக்கு குனிஞ்சு அந்த வேரக் கையால அளந்து பாத்தாரு.

மறுநாள் பெரட்டுல அவரே, "எல்லாரும் புதுக் கன்னு மலைக்கு. நட்டதத் தோண்டி, வேரு அறுபடாமப் பையக் கிழிச்சுத் திரும்ப நடணும். எப்படின்னு நிஷாந்தி காட்டும். நாத்து மேடையும் இனி நிஷாந்தி பொறுப்பு"ன்னாரு.

பதினெட்டு வருசமா பெரட்டுல என் பேரக் கூப்பிட்டா 'இருக்கேன்'னு மட்டுந்தான் சொல்லியிருக்கேன். அன்னைக்கு முன்னால போய் நின்னு, "கத்திய எடுத்துக்கிட்டு என் பின்னால வாங்க"ன்னேன். பாதி வழியில திரும்பிப் பாத்தா, கண்டாக்கு கையிலயும் ஒரு கத்தி இருந்துச்சு.