யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகாத குலை

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் விமலகுமாரிக்கு வேண்டியிருந்தது ஜெபமல்ல, ஆள். அவளும் புருஷன் சத்தியராஜும் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துக் காய்கறி பயிரிடும் வயலை, உடைமைக்காரர் மோகனன் செங்கல் சூளைக்காரனுக்கு மண்ணெடுக்கக் கொடுக்கப் போகிறார். சூளைக்காரன் ஒருமுறை தோண்டினால் தீர்ந்தது. அப்புறம் அது வயலில்லை, பள்ளம். மோகனனை மோசமான மனுஷன் என்றும் சொல்ல முடியாது. போன வாரம் வரப்பில் நின்று தவணை கொடுத்துவிட்டுத்தான் போனார்.

"பங்கு வீட்டுக்காரங்க பாதிப் பேராவது அடுத்த வருஷமும் எடுப்போம்னு எனக்க முன்னாடி சொல்லட்டு, சத்தியராஜே. நான் சூளைக்காரன வேண்டாம்னு விட்டுருதேன். உங்க அறுப்புப் பண்டிகைக்கு நானும் வாறேன். அங்க வச்சே கேப்போம்."

இந்தப் பங்கு என்பது ராபின்சன் சாறின் யோசனை. பள்ளிக்கூட வாத்தியார், சபைக் கமிட்டியில் பெரிய ஆள். நல்ல மனசு; நாக்கு அதைவிட நல்லது. போன வருஷம் ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று ஒரு பிடி பிடித்தார். "நம்ம கண்ணு முன்னாடி ஒரு குடும்பம் மருந்தடிக்காம வெள்ளாமை வைக்குது. நாம லாரியில வாறதத் தின்னுதோம். வெக்கமில்லியா? வருஷத் துவக்கத்திலயே ஆளுக்கொரு பங்கு முன்கூட்டிக் குடுப்போம். சனிக்கிழமை சனிக்கிழமை வயலு என்ன தருதோ அத வாங்குவோம். வெளஞ்சாலும் நமக்கு, வெள்ளம் கொண்டு போனாலும் நமக்கு. நட்டமும் நம்மதாக்கும்!"

பெஞ்சு பெஞ்சாகத் தலையாட்டினார்கள். பக்கத்துத் தெருச் சோமனைப் போலச் சில இந்து வீட்டாரும் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார்கள். விமலகுமாரி அன்றைக்கு முந்தானையில் முகத்தை மூடி அழுதே விட்டாள். நமக்கும் ஆள் உண்டு என்று நினைக்கும்போது அழுகை வராதா என்ன?

முதல் மாதங்கள் நன்றாகத்தான் போயின. பயறு, பாவைக்காய், வெள்ளரிக்காய் என்று கூடை நிறைந்தது. ஒவ்வொரு வீட்டுப் பங்கையும் தனித்தனிக் கட்டாக வாழைநாரில் கட்டிக் கொண்டு போவாள். அவள் போடும் முடிச்சு ஒரு தினுசு, இரண்டு சுற்று சுற்றி உள்ளே செருகிவிடுவாள். பிறகு வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்தது. பாறசாலைப் பக்கம் அப்படியொரு மழையை ரொம்ப நாளாக யாரும் பார்த்ததில்லை. பந்தல்கள் சேற்றில் படுத்துவிட்டன. மிஞ்சியது சேம்பந்தண்டு, கீரை, வாழைக்கூம்பு, பப்பாளிக்காய். அடுத்த வாரமும் அதேதான், அதற்கடுத்த வாரமும் அதேதான். அவளுக்கே கூடையைத் தூக்கக் கூச்சமாக இருந்தது. ஆனால் ஒரு வீட்டு வாசலிலும் ஒருத்தர் முகம் சுளிக்கவில்லை.

"கர்த்தர் தந்தது போதும், விமலே. நீ விசனப்படாதே" என்பாள் ராபின்சன் சாறின் மனைவி ஆனந்தபாய். இப்படியும் மனுஷர் உண்டா என்று விமலகுமாரி வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போவாள்.

ஒரு சனிக்கிழமை அந்த வீட்டில் குடையை மறந்துவிட்டாள். பாதி வழியில் தூறல் விழவே திரும்பிப் போனாள். முன்கதவு சாத்தியிருந்தது. பின்பக்கமாகச் சுற்றினாள். தொழுவத்தில் பசு எதையோ கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பார்த்தால், சற்று முன் அவள் கொடுத்த கட்டு. முடிச்சுக்கூட அவிழ்க்கவில்லை. அடுக்களைத் திண்டில் களியக்காவிளைச் சந்தையிலிருந்து வந்த பை, முட்டைக்கோசும் கேரட்டுமாக நிறைந்திருந்தது.

கஞ்சித்தண்ணி வாளியோடு ஆனந்தபாய் வெளியே வந்தாள். இரண்டு பேரும் பசுவைப் பார்த்தார்கள்.

"பாவம், வாயில்லாச் சீவன், கொதிச்சுப் பாத்துக்கிட்டு நிண்ணுது. ஒரு பிடி போட்டேன்" என்று ஆனந்தபாய் சிரித்தாள்.

"அதுக்கென்ன அக்கா. குடைய எடுக்க வந்தேன். வாறேன்."

ஒரு பிடியாம்! அதற்குப் பிறகு மற்ற வீடுகளின் கொல்லையிலும் அவள் கண் தானாகப் போயிற்று. சில இடத்தில் பசு, சில இடத்தில் ஆடு, பசுவும் ஆடும் இல்லாத வீட்டில் உரக்குழி. புருஷனிடம் அவள் மூச்சு விடவில்லை. அந்த மனுஷன் மேட்டுவரப்பில் தப்பிய கொஞ்சம் ஏத்தன் வாழைக்கு முட்டுக்கொடுத்து, மழையிலும் காற்றிலும் காவல் நின்றுகொண்டிருந்தார். "நல்ல ஆளுகளாக்கும், பிள்ளே. ஒருத்தராவது குறை சொன்னாவளா? இந்தக் குலை வெளையட்டும், அவியளுக்கு நல்லதாக் குடுக்கணும்" என்பார். அந்த முகத்தைப் பார்த்து என்னத்தைச் சொல்வாள்? அடுத்த கட்டுக்கு நார் கிழித்தாள்.

முதல் குலை கோயிலுக்கு. அது வழக்கம். அறுப்புப் பண்டிகையன்று அதைக் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். திரும்பவும் கர்த்தருக்கே என்று மேசையில் வைப்பார். மறுபடி ஏலம். எத்தனை கை மாறுகிறதோ குலைக்கு அத்தனை பெருமை. வருவதெல்லாம் கோயில் கூரைக்கு.

சத்தியராஜ் தோளில் சுமந்து வந்து வைத்த குலையைப் பார்த்து முற்றமே வாயைப் பிளந்தது. சொன்னபடி மோகனனும் வந்து, ஓரமாக நாற்காலியில் சாயா குடித்துக்கொண்டிருந்தார். ஏலம் போட்ட ராஜதாஸ் மேசையைத் தட்டத் தட்ட, போட்டி சூடு பிடித்தது. முதலில் ராபின்சன் சாறு எடுத்தார். "திரும்பவும் கர்த்தருக்கே!" கைதட்டல். அடுத்து ஒரு பங்கு வீட்டுக்காரர் எடுத்தார், கொடுத்தார். சோமனும் விடவில்லை; எடுத்தான், கொடுத்தான்.

"பாத்தியா பிள்ளே, நம்ம வயலுக்க மதிப்ப! முதலாளி பாத்துக்கிட்டு இருக்காரு" என்றார் சத்தியராஜ். அவர் கண் கலங்கியிருந்தது. விமலகுமாரி குலையை மட்டும் பார்த்தாள். சுடுசட்டியைத் தொட்டதுபோல ஒவ்வொருத்தரும் அதைத் திரும்ப வைத்தார்கள்.

மோகனன் டம்ளரைக் கீழே வைத்தார். "சாறே, அப்பம் அடுத்த வருஷம் பங்கு எடுப்பியளா?"

ராபின்சன் சாறு வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இதுக்கு மேல என்ன வேணும், மோகனன் அண்ணே? சத்தியராஜுக்க குலைய இண்ணைக்கு நாங்க எங்க கொண்டு நிறுத்தினோம், பாத்தீயள்லா! இப்பிடி ஒரு ஆதரவு எவனுக்குக் கிட்டும்? அடுத்த வருஷக் காரியம் கமிட்டி கூடிப் பேசும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். போன வருஷம் ஆட்டிய அதே தலைகள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. சத்தியராஜைத் தாங்கிவிட்டோம் என்று மனசார நம்பினார்கள்.

விமலகுமாரி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து மேசைக்கு வந்தாள். "சாறே, ஒரே ஒரு காரியம். இத ஆராவது வீட்டுக்குக் கொண்டு போங்க. அவிச்சுத் தின்னுங்க, வறுத்துத் தின்னுங்க. ஒரு வீடு போதும்."

ஆட்டிய தலைகளெல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"எட்டி, என்னட்டி பேசுதே? கோயில் முற்றமாக்கும்" என்று சத்தியராஜ் பதறி ஓடிவந்தார்.

"பேசாம இருந்தது போதும். ஒரு வருஷமா நாம மாட்டுக்கு வெள்ளாமை வச்சோம், கேட்டியளா? ஆட்டுக்கும் உரக்குழிக்கும் வச்சோம். கட்டுக்கூட அவுக்கல. நான் எனக்க கண்ணால கண்டேன். பொய்யானா இந்தா நிக்காவ, கேளுங்க!"

சத்தியராஜ் கேட்கவில்லை. ஆனந்தபாயைப் பார்த்தார், அவள் சேலைத்தலைப்பைச் சரிசெய்தாள். சோமனைப் பார்த்தார், அவன் செருப்பைப் பார்த்தான். ராபின்சன் சாறைப் பார்த்தார், அவர் கோயில் கூரையைப் பார்த்தார். வரிசையாக எல்லா முகத்தையும் பார்த்து முடித்த பிறகு சத்தியராஜ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எடுக்கேன், ராஜதாஸே." மோகனன் எழுந்து வந்தார். கேட்டதற்கு மேலேயே பணம் வைத்தார். "திரும்பத் தரல்ல. வீட்டுக்குக் கொண்டு போறேன்."

அப்பாடா என்று முற்றம் மூச்சுவிட்டது. யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். ராபின்சன் சாறுதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

குலையை மோகனனின் ஜீப்பு வரைக்கும் சுமக்க வேறு ஆள் வரவில்லை. சத்தியராஜே சுமந்தார். விமலகுமாரி பின்னால் போனாள்.

"மனசுல ஒண்ணும் வைக்காதே, சத்தியராஜே" என்றார் மோகனன் தாழ்ந்த குரலில். "நான் சொன்ன சொல்லு மாறல்ல. ஒருத்தரும் எடுப்போம்னு சொல்லல்லியே. நாளைக்கு சூளைக்காரனுக்க லாரி வரும். நிக்கியத இண்ணைக்கே வெட்டி எடுத்துக்கோ."

"சரி, முதலாளி."

வண்டியில் ஏறப் போனவர் நின்று குலையைத் தடவிப் பார்த்தார். "இது எப்பம் பழுக்கும்? எப்பிடி வைக்கணும்?"

சத்தியராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாக்குல பொதிஞ்சு இருட்டுல தூக்குங்க, முதலாளி. வெயிலு படாண்டாம். தோலு நல்லாச் சுருங்கின பெறவு தின்னுங்க, அப்பந்தான் இனிப்பு."

அவர் நிதானமாக, ஒன்றும் விடாமல் சொன்னார். விமலகுமாரி ஜீப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த வருஷம் முழுக்க, அவர்கள் விளைவித்ததை எப்படித் தின்ன வேண்டும் என்று கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.