அஞ்சு முழ வட்டம்

கௌசல்யாவுக்கு வேலை நிலைக்குமா நிலைக்காதா என்பது சனிக்கிழமை சாயங்காலம் தெரிந்துவிடும். ரொனால்டு அப்படித்தான் சொல்லியிருந்தார். திண்டுக்கல் பழனி ரோட்டில் கேட்டு, கிரில், அலங்கார வளைவு எல்லாம் செய்கிற பட்டறை அவருடையது. "ஒரு மாசம் பாக்குறேம்மா. கம்பி போனா வாங்கிக்கலாம். அளவு தப்புச்சுன்னா மட்டும் என்னால தாங்க முடியாது" என்றார். டீயில் சர்க்கரை குறைந்தாலும் தாங்க முடியாத மனிதர் அவர்.

கௌசல்யாவுக்கு முப்பத்தொன்பது வயது. மகள் காலேஜுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் இவள் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் கேட் படிப்பில் சேர்ந்தாள். வகுப்பில் எல்லாரும் ஆன்ட்டி ஆன்ட்டி என்று உயிரை எடுத்தார்கள். இவள் அசரவில்லை. இன்று திரையில் போட்ட கோடு நாளைக்கு இரும்பாகி ஒரு வீட்டு வாசலில் நிற்கிறதே, அந்த ருசியைக் கண்டுவிட்டாள். இனிமேல் அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார அவளால் ஆகாது.

பட்டறைச் சுவரில் வேலை செய்கிற மூன்று பேருக்கும் பை மாட்ட மூன்று கொக்கிகள் இருந்தன. கௌசல்யாவின் பை ஒரு மாதமாக அவள் காலடியில்தான் கிடந்தது.

வியாழக்கிழமை பெருமாயி வந்தாள். பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவள். மல்லிகை வாசனை அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

"ஞாயித்துக்கெழம எம்மக தமிழ்நிலாவுக்குக் கல்யாணம் தாயி. பூச் சுத்துறதுக்கு ஒரு கம்பி வட்டம் வேணும். அஞ்சு முழம். சனிக்கெழம மத்தியானம் வாரேன்."

கல்யாண மேடையில் ஆள் உயர வட்டம் வைப்பது இப்போது ஊரெல்லாம் நடப்பதுதான். எதற்கு என்று கேட்கக்கூட கௌசல்யாவுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அவள் கெட்டிக்காரி. ஆளுக்கு ஆள் முழம் மாறுமே என்று பெருமாயியின் கையை நீட்டச் சொல்லி டேப் வைத்தாள். சரியாகப் பதினெட்டு இன்ச். பூ விற்கிறவர்களில் இப்படியொரு நேர்மையான முழங்கையை அவள் பார்த்ததே இல்லை.

அஞ்சு முழம் என்றால் ஏழரை அடி. மில்லிமீட்டரில் 2286. வட்டத்தைப் போட்டு, விட்டம் என்ற கட்டத்தில் 2286 என்று அடித்தாள். பட்டறை வெல்டர் அல் அமீன் பாய் கம்பியை உருளையில் விட்டு வளைத்து, முனையைப் பற்றவைத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். பார்க்க அம்புட்டு அழகு.

சனிக்கிழமை மத்தியானம் பெருமாயி உள்ளே வந்தாள், வட்டத்தைப் பார்த்தாள், வாயில் கை வைத்தாள்.

"ஏ ஆத்தா! என்ன தாயி இது? டிராக்டரு முகப்புல மாட்டக் கேட்டா, இதுக்குள்ள டிராக்டரே போயிருமே!"

"நீங்க சொன்ன அஞ்சு முழந்தான்க்கா."

"இதா அஞ்சு முழம்?" பெருமாயி வட்டத்தின் ஓரத்தோடு கை வைத்து அளந்துகொண்டே சுற்றி வந்தாள். "பாரு, பதினஞ்சே முக்கா முழம்!"

"அக்கா, ஓரத்துல அளக்கக் கூடாது. குறுக்கே அளக்கணும்."

பெருமாயி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "குறுக்கே யாரு தாயி பூச் சுத்துவா?"

கௌசல்யாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பூக்காரிக்கு வட்டம் என்றால் அதைச் சுற்றி வரும் பூதான் அளவு. அஞ்சு முழம் பூ சுற்றுகிற வட்டத்தைக் கேட்டிருக்கிறாள். டிராக்டர் முகப்பில் மாட்டி ஊர்வலம் போக!

ரொனால்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் நல்லதுக்கில்லை என்று பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். "அதப் பழைய இரும்புல போடுங்க பாய். புதுசா ஒண்ணு வெட்டுங்க" என்றார்.

கௌசல்யா திரையின் முன் உட்கார்ந்தாள். வட்டத்தைத் தொட்டதும் அதன் அளவுகள் வரிசையாக வந்தன. ஆரம், விட்டம், அதற்கும் கீழே சுற்றளவு. இரண்டு நாளாக அங்கேயேதான் இருந்தது. இவள்தான் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இப்போது சுற்றளவில் 2286 என்று அடித்தாள். வட்டம் சட்டென்று சுருங்கி, விட்டம் 728 என்று காட்டியது. டிராக்டர் முகப்புக்குக் கச்சிதம். பழைய வட்டத்தின் சுற்றளவு? 7182. ஒரு சிறு வட்டத்துக்கு 2286 போனால், இன்னொன்று போனால், இன்னொன்றும் போனால்...

"பாய், வெட்டாதீங்க!" என்று கத்திக்கொண்டே எழுந்தாள். "ஒரு செத்த நேரம்! சார், இந்தக் கம்பியிலேயே அவங்க வட்டம் மூணு வரும். போக ஒரு அடி மிச்சம்!"

ரொனால்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். பிறகு பேப்பரில் கூட்டிப் பார்த்தார். அமீன் பாய் காத்திருக்கவில்லை. பெரிய வட்டத்தை அறுத்து, மூன்றாக வெட்டி, உருளையை இறுக்கி வளைத்தார். அரை மணி நேரத்தில் ஒன்றுபோல மூன்று வட்டங்கள் தரையில் கிடந்தன.

"எனக்கு ஒண்ணுதானே வேணும்? மிச்ச ரெண்ட வச்சு என்ன செய்ய?" என்ற பெருமாயி, பாதியிலேயே கண்களை அகல விரித்தாள். "ஏ ஆத்தா! டிராக்டருக்குப் பெரிய சக்கரம் ரெண்டு இருக்குல்ல! குடு தாயி, குடு! நானே பூக்காரி, எனக்கா பூவுக்குப் பஞ்சம்?" மூன்றையும் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறி, எல்லாரும் கட்டாயம் வர வேண்டும் என்று கத்திவிட்டுப் போனாள்.

வேலை என்ன ஆயிற்று என்று ரொனால்டு அன்று சொல்லவில்லை. இவளுக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் டிராக்டரை ஓட்டியது கல்யாணப் பெண்ணேதான். மாப்பிள்ளை தொப்பம்பட்டிக்காரர். பக்கத்து மட்கார்டில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாங்க, ஏனுங்க, மெதுவாப் போங்க" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். தமிழ்நிலா காதில் வாங்கவே இல்லை. முகப்பில் ஒரு வட்டம் செவ்வந்தி, சக்கரங்களில் மல்லிகையும் அரளியும். வண்டி நகர நகரப் பூவும் சுற்றியது. தெருவே கைதட்டியது. கௌசல்யாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த ரொனால்டு பாயசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். வேலையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

திங்கட்கிழமை, இன்று சொல்லிவிடுவார் என்ற பயத்தோடு பட்டறைக்குள் நுழைந்தாள். சுவரைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. மூன்று கொக்கிகளுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒன்று. மிச்சமிருந்த அந்த ஒரு அடிக் கம்பியை வளைத்து அடித்திருந்தார்கள். பெயின்ட் இன்னும் காயவில்லை.

"அளவு சரியா இருக்கான்னு பாரும்மா" என்றார் ரொனால்டு, டீயிலிருந்து தலையைத் தூக்காமல்.

கௌசல்யா பையை மாட்டினாள். பையின் வாரில் பச்சை பெயின்ட் ஒட்டிக்கொண்டது. அதை அவள் இன்றுவரை துடைக்கவில்லை.