பொருத்தமான உடம்பு

சசிகரன் தன் பதாகைக் கடையின் இரும்புக் கதவைப் பாதி இழுத்துவிட்டபோது, அடுத்த கடைப் பரீதா கத்தரிக்கோலும் கையுமாக வெளியே வந்தார். அபாயா தைக்கிறவர்.

"இப்ப எங்க போறீங்க, தம்பி?"

"சாப்பிட."

"ரெண்டு பேர் இருந்தாத்தான் ஒராள் சாப்பிடப் போகலாம். ஒத்த ஆள் கடையெண்டா மிசினுக்குப் பக்கத்திலதான் சோறு."

அவன் சாப்பிடப் போவதில்லை. கதவைப் பூட்டிவிட்டு, பதாகைத் துணி உருளைகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கிடப்பான். துறைமுகத்துக்குப் போகும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். தை மாதம் டெங்கு அவன் மனைவி லக்சனாவைக் கொண்டுபோகும்வரை வருகிறவர்களோடு கதைத்தது அவள்தான். கலியாணக்காரரைச் சிரிக்கவைப்பாள், செத்தவீட்டுக்காரரை உட்காரவைப்பாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இப்போது வருகிறவர்கள் அவனுடைய பிடரியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கடை இப்படியே பூட்டிக்கிடந்தால் அடுத்த மாதம் ஃபோன் கடைக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கட்டட உரிமையாளர் சொல்லிவிட்டார். அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

"என்ட மனுசன் மவுத்தானப்ப நாலு மாசமும் பத்து நாளும் இத்தாத் துக்கம் இருந்தன். வாசலத் தாண்டல்ல. வாடிக்கையெல்லாம் போச்சு. முடிஞ்ச அடுத்த நாளே மிசின்ல ஏறிட்டன். ஆம்பிளைக்கு இத்தாவும் இல்ல. பொறகென்ன ஒங்களுக்கு?"

அவன் கதவை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தான்.

"ஆள் வந்தா முதல்ல மூஞ்சியப் பாருங்க. கதிரையக் குடுங்க. ஏலாதெண்டு மட்டும் சொல்லாதீங்க. ஒருக்காச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

சொல்லிக்கொண்டே தெருவைப் பார்த்தார். எதிரே பூட்டியிருந்த ஸ்டூடியோ வாசலில் ஒருவர் சைக்கிளோடு நின்றார். பின்னால் குருத்தோலைக் கட்டு.

"அண்ணன்! செத்தவீடா? இஞ்ச வாங்க, இவர் செய்வார்."

வந்தவர் சல்லிக் கிராமத்துத் தவராசா. "அம்மா விடியப்புறம் போயிட்டா. பின்னேரம் எடுக்கிறம். பனர் ஒண்டு வேணும். இதுதான் கிடக்கு." அடையாள அட்டையை நீட்டினார். அதிலிருந்த கிழவி எதற்கோ பயந்துபோய் இருந்தாள்.

முகத்தைத் துலக்கலாம். கழுத்துக்குக் கீழே உடம்பு வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைகூட நல்ல படத்துக்கு உட்காராத பெண்களுக்கு, செத்த அன்று சசிகரன்தான் பட்டுச்சேலை உடுத்துவான். கணினியில் தலையில்லாத உடம்புகளை வரிசையாகத் திறந்தான்.

"இது இந்தியாக்காரி மாதிரிக் கிடக்கு. இவ்வளவு நகையை அம்மா கனவிலயும் கண்டிருக்க மாட்டா." தவராசாவின் விரல் திரையில் இறங்கிக்கொண்டே போய் நின்றது. "இதுக்கு மட்டும் தலை கிடக்கே. ஆர் இந்தப் பிள்ளை, மொடலோ?"

அரக்குச் சேலை. மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள். லக்சனாவின் அஞ்சலிப் பதாகையைச் செய்த அன்று, யாருடையதோ கலியாணப் படத்திலிருந்து அவளை அவன்தான் வெட்டியெடுத்தான். வெட்டுகிறதையெல்லாம் சேமிக்கும் இடத்திலேயே கை பழக்கத்தில் சேமித்துவிட்டது. அவன் கவனிக்கவில்லை.

"அம்மான்ர நிறம் இதுதான். இந்தத் தலையை எடுத்திட்டு அம்மான்ரய வையுங்கோ."

சசிகரன் வாயைத் திறந்தான். பின்னால் நின்ற பரீதா முந்திக்கொண்டார்.

"செய்வார்." குரல் இறங்கியிருந்தது. அவர் திரையைத் திரும்பப் பார்க்கவில்லை. "செய்யுங்க, தம்பி. பின்னேரம் எடுக்கிறாங்க."

தாடைக்குக் கீழே கோடு இழுத்து, ஒரு விசையை அழுத்தினான். அவ்வளவுதான் வேலை. கிழவியின் முகத்தை வைத்து, அதற்கேற்பக் கழுத்தைக் கறுப்பாக்கினான்.

"தாலிக்கொடியை எடுத்துவிடுங்கோ. அப்பா போய்க் கனகாலம். சனம் கதைக்கும்."

அவன் கட்டிய கொடி. பக்கத்திலிருந்த சேலை நிறத்தைத் தொட்டுத்தொட்டு அதன்மேல் பூசினான். கொஞ்சம் கொஞ்சமாக அது காணாமல் போனது.

"இப்ப அம்மாதான்." தவராசா சாரத்தின் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு குனிந்து பார்த்தார். "கைதான் குமர்ப்பிள்ளையின்ர கை மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் வயசாக்கேலுமோ?"

"ஏலும்."

கைகளைத் திரை முழுவதும் பெருப்பித்தான். தோலைச் சுருக்கினான். நரம்புகளை மேலே கொண்டுவந்தான். லக்சனாவுக்கு விரலை நெட்டி முறிக்கிற பழக்கம். மூட்டுகள்தான் முதலில் தடிக்கும் என்று அவற்றைத் தடிக்கவைத்தான். சுடுதண்ணீர் பட்ட பழைய வடு இடது மணிக்கட்டில் இருந்தது. அதை மங்கவிட்டான், ஆனால் அழிக்கவில்லை. புறங்கையில் கபிலப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தான்.

பரீதா தவராசாவுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"காணும், தம்பி. அம்மாக்கு எழுபதுதான்."

சசிகரன் நிறுத்தவில்லை. திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த கைகள் எண்பதைத் தாண்டிக்கொண்டிருந்தன.