ஒத்திகையில் பிள்ளை பெறுபவள்

அந்த மகப்பேறு நிலையத்தில் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, மாலை மூன்று மணிக்கு ஒரு பிரசவம் தவறாமல் நடக்கும். பிள்ளை பெறுபவளும் எப்போதும் ஒருத்திதான். தரை துடைத்து, துணி அலசி, வாளிகளைக் கவிழ்த்து வைக்கிற ஆயா. அவளுக்குச் சொந்தமாக இரண்டு பையன்கள் உண்டு. இரண்டுமே ஆபரேஷன் பிள்ளைகள். மயக்க ஊசி போட்டார்கள், கண் விழித்தாள், பிள்ளை பக்கத்தில் கிடந்தது, அவ்வளவுதான். பிரசவ வலி எப்படி இருக்கும் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒத்திகையில் அவள் போடுகிற கூச்சலுக்கு, வாசலில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர் ஒருமுறை தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்துவிட்டார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் நடிகை.

ஒத்திகையை ஆரம்பித்தது பெரிய சிஸ்டர். பிள்ளையின் தலை வெளியே வந்த பிறகு, தோள் தாயின் இடுப்பெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது எப்போதோ ஒருமுறைதான் நடக்கும். நடந்துவிட்டால் கையில் இருப்பது ஏறக்குறைய ஐந்து நிமிடம். "அந்த நேரத்துல புத்தகத்தைப் புரட்ட முடியாது. கைக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்பார். நடிகை இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, அதற்குள் துணிப் பொம்மையைப் பிடித்தபடி கட்டிலில் படுப்பாள். யார் தலையைப் பிடித்து இழுத்தாலும் விடமாட்டாள். மேல்வயிற்றை அமுக்கினாலும் விடமாட்டாள். முறைப்படி செய்தால்தான் பொம்மை வெளியே வரும். இந்த விஷயத்தில் அவள் கறார் பேர்வழி. சின்ன சிஸ்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவரைக் கால்மணி நேரம் வியர்க்க வைத்திருக்கிறாள்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. அப்புறம் அவளுடைய தம்பி பொண்டாட்டி உண்மையான வயிற்றோடு அங்கே வந்து சேர்ந்தாள்.

நாத்தனாருக்கும் அவளுக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. நடிகைக்கு வாய் ஓயாது, தம்பி பொண்டாட்டிக்கு வாய் திறக்காது. முதல் பிரசவம். பிள்ளை கொஞ்சம் பெரிது என்று பெரிய சிஸ்டர் முன்பே டாக்டரிடம் காட்டியிருந்தார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்ததால், இங்கேயே பார்க்கலாம் என்று முடிவாயிற்று. காலையில் வலியோடு வந்தவள், துணைக்குத் தன் அக்காவை உள்ளே வைத்துக்கொண்டாள். சின்ன சிஸ்டரிடம் மெதுவாக ஒன்று சொன்னாள்.

"அண்ணி வெளியிலயே இருக்கட்டும் சிஸ்டர். அவங்க பேச ஆரம்பிச்சா எனக்குத் தலை சுத்துது."

சின்ன சிஸ்டர் அதை எவ்வளவோ பக்குவமாகத்தான் வெளியே வந்து சொன்னார். எவ்வளவு பக்குவமாகச் சொன்னால் என்ன, வார்த்தை வார்த்தைதானே. நடிகைக்குச் சுருக்கென்றது. உள்ளே இருப்பவளின் கல்யாணத்தன்று தாலி முடிச்சுப் போட்டது யார், மசக்கையில் வாந்தியாக எடுத்தபோது துணி துவைத்தது யார் என்றெல்லாம் மனசுக்குள் ஒரு பாட்டம் கேட்டாள். துடைத்த நடைக்கூடத்தையே மறுபடி துடைத்தாள். நர்ஸம்மாக்களில் ஒருத்தர் ரத்த அழுத்தம் ஏறிய இன்னொரு பெண்ணோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போயிருந்தார். நிலையமே அமைதியாகக் கிடந்தது.

பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் பிரசவ அறையின் அவசர மணி அடித்தது.

அந்த மணிக்கு ஒரு சட்டம் உண்டு. வேலையில் இருப்பவர் யாராக இருந்தாலும், காதில் விழுந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். வேண்டியவளா வேண்டாதவளா என்றெல்லாம் மணி பார்க்காது. நடிகை துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

உள்ளே போய்ப் பார்த்தாள். தலை வெளியே வந்திருந்தது. வந்த தலை கன்னம் பிதுங்க மறுபடி உள்பக்கமாக இழுத்துக்கொண்டு அப்படியே நின்றது. பொம்மையில் நூறு தடவை பார்த்ததுதான். ஆனால் பொம்மைக்கு முகம் ஊதா நிறமாகாது.

"தலை வந்தது பதினொண்ணு பன்னிரண்டு. தள்ளாதம்மா, இப்ப தள்ளாத" என்றார் பெரிய சிஸ்டர். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

தலைமாட்டில் நின்ற அக்காக்காரி, பதறிப்போய்த் தங்கையின் மேல்வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்து அமுக்கப் போனாள். பாசத்தில் யாரும் செய்யக்கூடியதுதான். நடிகை அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"அங்க அமுக்கினா தோள் இன்னும் இறுகும்மா. இந்தக் காலைப் பிடிங்க. முட்டி நெஞ்சுகிட்ட வரட்டும்."

ஆளுக்கொரு காலாக மடக்கிப் பிடித்தார்கள். சின்ன சிஸ்டர் அடிவயிற்று எலும்புக்கு மேலே, பிள்ளையின் தோளைப் பார்த்துக் கையை ஊன்றி அழுத்தினார். பெரிய சிஸ்டர் இழுக்காமல் பிடித்துப் பார்த்தார். அசையவில்லை.

"ஒரு நிமிஷம் ஆச்சு" என்றார் சின்ன சிஸ்டர்.

"சரி. நாலு காலுக்கு வாம்மா."

ஒத்திகையில் இந்த ஒரு வாக்கியம் போதும். பெரிய சிஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் நடிகை புரண்டு, கையையும் முட்டியையும் ஊன்றி நின்றுவிடுவாள். கட்டிலில் இருந்தவள் அசையவே இல்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, பேயறைந்தவள் போலக் கூரையைப் பார்த்தாள்.

"நாலு காலுக்கு வாம்மா" என்று பெரிய சிஸ்டர் கொஞ்சம் பலமாகச் சொன்னார். அப்புறம் இன்னும் பலமாக, அதே வார்த்தைகளில்.

அந்தக் கணத்தில்தான் நடிகைக்கு உறைத்தது. இவர்களுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருடமாகத் தெரிந்தவளுக்கே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். தெரியாதவளுக்கு எப்படிச் சொல்வது என்பதை ஒத்திகை பார்க்கவே இல்லை.

பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் இன்னொரு கட்டில் காலியாகக் கிடந்தது. ஈரப் புடவையைச் செருகிக்கொண்டு நடிகை அதில் ஏறினாள்.

"இங்க பாரு. என்னை மட்டும் பாரு."

கூரையிலிருந்து கண் இறங்கி வந்தது.

"கம்பியை விடு. இந்தக் கையை இங்க வை. புரளு. அக்கா பிடிச்சுக்குவாங்க. இப்ப முட்டி. அடுத்த முட்டி. அவ்வளவுதான்."

வாழ்நாளில் அவள் இவ்வளவு குறைவாகப் பேசியதில்லை. எதிர்க் கட்டிலில் ஒருத்தி செய்வதைப் பார்த்துப் பார்த்து, இந்தக் கட்டிலில் இருந்தவளும் செய்தாள். கையும் முட்டியும் ஊன்றி, இருவரும் முகத்துக்கு முகம் பார்த்து நின்றார்கள். பின்னால் பெரிய சிஸ்டரின் கை உள்ளே போய், மேல்பக்கம் வந்திருந்த பிள்ளையின் வலது கையைத் தேடிப் பிடித்து, முகத்தை ஒட்டினாற்போல் வெளியே கொண்டுவந்தது. அதன் பின்னாலேயே உடம்பு முழுவதும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"பதினொண்ணு பதினஞ்சு" என்றார் சின்ன சிஸ்டர். பையன் துவண்டு கிடந்தான். துடைத்து, முதுகைத் தேய்த்து, முகமூடி வைத்து ஐந்து தடவை காற்றை ஊதினார்கள். ஆறாவதை ஊதப் போனபோது ஒரு அழுகை வந்தது. நல்ல கோபமான அழுகை. எதிர்க் கட்டிலில் இன்னும் முட்டி போட்டபடியே இருந்த நடிகைக்கு அதைக் கேட்டதும்தான் உயிர் வந்தது.

பெரிய சிஸ்டர் தாயின் கர்ப்பப்பை நன்றாக இறுகியிருக்கிறதா, ரத்தப்போக்கு அளவோடு இருக்கிறதா என்று பார்த்து முடித்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். வலது கை ஆடியது. இடது கை பக்கவாட்டில் சும்மா கிடந்தது. அவர் எதையும் மூடி மறைக்கிற ஆள் இல்லை.

"மாட்டின தோள் இதுதான். நரம்பு இழுபட்டிருக்கு. முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்குச் சில வாரத்துல தானா சரியாகும். உன் பிள்ளைக்கும் ஆகும்னு இன்னைக்கே சத்தியம் பண்ண மாட்டேன். டாக்டர் பார்க்கட்டும்."

அன்று மதியம் தேநீர் நேரத்தில் அவர் குறிப்பேட்டைத் திறந்து, நேரங்களை வரிசையாக எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"தப்பு நம்ம மேல. இவ ரொம்ப நல்லா நடிச்சுட்டா."

"நல்லா நடிச்சதுக்கு ஒரு திட்டா?" என்றாள் நடிகை.

"திட்டுதான். இனிமே உனக்கு வேஷம் கிடையாது. விஷயமே தெரியாத ஆளா ஒண்ணைப் பிடிச்சுட்டு வா."

அவள் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனாள். அடுத்த கடைசி வியாழக்கிழமை, தொந்தியும் மீசையுமாக அவன் கட்டிலில் படுத்தான். "முட்டி நெஞ்சுக்கு வரட்டும்" என்று சொன்னால் "யாரோட முட்டி?" என்று கேட்டான். காலைத் தொட்டுக் காட்டினால் கூச்சத்தில் சிரித்தான். நாலு காலுக்கு வரவைப்பதற்குள் சிஸ்டர்களுக்கு நாக்கு தள்ளிவிட்டது. ஆனால் அன்றைக்கு அவர்கள் கற்றுக்கொண்டதுபோல அதுவரை எந்த மாதமும் கற்றுக்கொண்டதில்லை. நடிகை ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

வீட்டில் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை முடிந்ததும் தம்பி வீட்டுக்குப் போவாள். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, தம்பி பொண்டாட்டி பிள்ளையின் இடது முழங்கையை மெதுவாக மடக்கி நீட்டுவாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். பத்தாம் நாள் விரல்கள் சுருண்டன. மூன்றாம் வாரம் மணிக்கட்டு லேசாக நிமிர்ந்தது. முழங்கை மட்டும் அசையவில்லை. பெண்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளாமலே தினமும் பார்த்தார்கள். பயத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் பேச்சுக்கு என்ன அவசியம். ஒருநாள் அவள் வரத் தாமதமானது. "ஏன் அண்ணி இவ்வளவு நேரம்?" என்று வாசலிலேயே நின்று கேட்டாள் தம்பி பொண்டாட்டி. நடிகைக்கு அது இனித்தது.

ஐந்தாம் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளிப்பாட்டிய பிள்ளையை நடிகை மடியில் போட்டுத் துவட்டிக்கொண்டிருந்தாள். காது மடலைத் துடைக்க முகத்தைத் தாழ்த்தினாள். மூக்கில் என்னவோ சுரீரென்று கீறியது. வலது கை துண்டுக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. அப்படியானால் இது எந்தக் கை?

அவள் முகத்தை எடுக்கவில்லை. முழங்கை மடங்கி, குட்டி நகங்களோடு இடது கை இன்னொரு தடவை மேலே வந்து, அதே இடத்தில் பிறாண்டிவிட்டு விழுந்தது.

சோப்பை எடுத்துவைக்க வந்த தம்பி பொண்டாட்டி அப்படியே நின்றாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"அண்ணி, மூக்குல ரத்தம் வருது."

"வரட்டும். நீ பேசாம இரு" என்றாள் நடிகை, முகத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொடுத்து. "இன்னொரு தடவை தூக்குறான்."