புலி முகமூடி

சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கு ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரியைக் கண்டாலே வயிறு எரிந்தது. இருவர் பிள்ளைகளுக்கும் மூளையில் கட்டிதான். ஆனால் அவளுடைய பொடியனுக்கு இரண்டு வயது; இந்த வயதில் கதிர்வீச்சு வைத்தால் மூளை வளர்ச்சி கெடும் என்று மருந்திலேயே கட்டியைக் கரைத்துவிட்டார்கள். இவள் மகளுக்கு ஏழு வயது. கதிர் வைத்த பிறகு கூட்டல்கூட மறந்துபோயிற்று.

கதிர் வைக்கையில் தலை அசையாதிருக்க மகளுக்கு மாட்டிய முகமூடியில் புலி வரைந்திருந்தார்கள். மகளோடு இவள் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் பொடியன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான்.

“இருக்கட்டுமேக்கா, விளையாடத்தானே?” என்றாள் அவன் அம்மா.

“அதிர்ஷ்டக்காரன்டி உன் மவன். அவன் மூஞ்சிக்கு இது எதுக்கு?”

பிடுங்கிப் பைக்குள் திணித்தாள். பொடியன் வீறிட்டு அழுதான். பிடுங்கியவளுக்கும் கண் கலங்கியது. வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை.