வலது ஓரத்துச் சந்தனம்

நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சித்தப்பாவின் டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் அது கொஞ்ச நேரம் இருமும். அந்த இருமல் ஓயும்வரை சித்தப்பா பேச மாட்டார். ஓய்ந்ததும் பேசினார்.

"ஏலே பாண்டி, கெளம்பு. வெயிலு ஏறுறதுக்குள்ள நம்ம ஓட்டப் போட்டுட்டு வந்துருவோம்."

நம்ம ஓட்டு. இரண்டு பேர், ஒரு ஓட்டு. வாயில் நுரை இருந்ததால் நான் அப்போது மறுப்பு எதுவும் பதிவு செய்யவில்லை.

என் முழுப்பெயர் உக்கிரபாண்டி. பிறவியிலேயே பார்வை கிடையாது. அருப்புக்கோட்டையில் வரலாறு மூன்றாமாண்டு படிக்கிறேன். எனக்குக் கண்தான் தெரியாது என்பதைக் கல்லூரியில் பலரும் மறந்துவிட்டு, காதும் கேட்காதோ என்று சத்தமாகப் பேசுவார்கள். பந்தல்குடியில் பஸ்ஸுக்காகச் சும்மா நின்றால், யாராவது பாசத்தோடு கையைப் பிடித்துத் தூத்துக்குடி ரோட்டைக் கடத்திவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு இன்னொரு பாசக்காரர் வரும்வரை அந்தப் பக்கமே காத்திருக்க வேண்டும். உதவி என்பது எங்கள் பக்கத்தில் மழைக்கு நேர்மாறானது. கேட்காமலே வரும், போதும் என்றாலும் நிற்காது.

சித்தப்பா ஆண்டிச்சாமிதான் அந்த உதவிக்குத் தலைமையகம். அப்பா போன பிறகு, மதுரையில் நான் படித்த பார்வையற்றோர் பள்ளிக்கு ஒவ்வொரு லீவுக்கும் பஸ் ஏறி வந்து என்னைக் கூட்டிப்போனவர் அவர். வழியெல்லாம், "இப்ப மல்லாங்கிணறு தாண்டிட்டோம், இடது பக்கம் பூரா கருவேலங்காடு" என்று சொல்லிக்கொண்டே வருவார். பஸ்ஸில் மற்றவர்களும் கேட்டுக்கொண்டு வருவார்கள். அவர் மேல் கோபப்பட வழியே கிடையாது. என் வாழ்க்கையின் பெரிய இடைஞ்சல் அதுதான்.

அவர் ஊரில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று அவருக்கு அத்துப்படி. போன நாடாளுமன்றத் தேர்தல்தான் எனக்கு முதல் தேர்தல். பார்வையற்றவர் துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்த 'லாம்' எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் 'வேண்டும்' ஆகிவிட்டது. சித்தப்பா என் ஆள்காட்டி விரலைப் பேனா மாதிரி பிடித்தார், எங்கேயோ வைத்து அழுத்தினார், பீப் என்றது. "முடிஞ்சுச்சு, வா, டீ குடிப்போம்" என்றார். "யாருக்குச் சித்தப்பா போட்டோம்?" என்று கேட்டேன். "நம்மாளுக்குத்தாண்டா" என்றார். ஆக, என் முதல் ஓட்டை என் விரல் போட்டது. நான் கூடப் போயிருந்தேன்.

இரண்டு வருடமாக அந்த பீப் என் காதுக்குள்ளேயே இருந்தது. இந்தச் சட்டமன்றத் தேர்தலுக்குள் விதிகளையெல்லாம் காலேஜ் பஸ்ஸில் போனில் ஓடவிட்டுக் கேட்டு முடித்திருந்தேன். தனியாகப் போடலாம். இயந்திரத்தில் ஒவ்வொரு பட்டனுக்கும் வலது ஓரத்தில் பிரெயிலில் எண் இருக்கும். எந்த எண் யாருக்கு என்று பிரெயிலில் ஒரு பட்டியலும் கொடுப்பார்கள். முதல் நாள் இரவு எனக்குத் தூக்கமே இல்லை. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு படபடப்பு இருக்காது. அவனுக்காவது பெண்ணை முன்பே காட்டியிருப்பார்கள்.

வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னேன். "சித்தப்பா, இந்தத் தடவ நானே போட்டுக்கிறேன்."

"நீதானலே போடப் போற. நான் வெரலத்தான பிடிக்கப் போறேன்."

"வெரலும் வேணாம்."

அடுப்படியில் அம்மா கிண்டிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. "அவனே போடட்டுமே தம்பி. வெரலு அவன்கிட்டதான இருக்கு."

"மதினி, மெசின்ல பேரெல்லாம் அச்சுல இருக்கும். இவன் என்னத்தக் கண்டு போடுவான்?"

"பட்டனுக்கு வலது பக்கம் பிரெயில் நம்பர் இருக்கு சித்தப்பா."

"மெசினு வந்த நாள்லருந்து நானும் ஓட்டுப் போடுறேன். அப்படி ஒன்னப் பாத்ததே இல்லயே."

பார்த்தால் தெரியாது என்பதுதான் அதன் விசேஷம் என்று நான் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார். "சரி, யாருக்குப் போடப் போற?"

"ரகசியம்."

"வீட்டுக்குள்ள என்னலே ரகசியம்?" என்றார். குரலில் கோபம் இல்லை. வீட்டில் புதிதாக ஒரு அறை கட்டியிருப்பதாகவும் அதற்கு அவரிடம் சாவி இல்லை என்றும் யாரோ சொன்னதுபோல் இருந்தது.

வாக்குச்சாவடி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம். சக்கர நாற்காலிக்காகக் கட்டியிருந்த சாய்தளத்தில் தண்ணீர்க் கேன்களை ஏற்றி வைத்திருந்தார்கள். கேன்கள் சிரமமில்லாமல் ஏறியிருந்ததால் சாய்தளம் தரமாகத்தான் கட்டப்பட்டிருக்க வேண்டும். என் கம்புச் சத்தம் கேட்டதும் வரிசை சாமிக்கு ஒதுங்குவதுபோல் ஒதுங்கியது. "நான் தொணைக்கு வந்தவன், தொணைக்கு வந்தவன்" என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா எனக்குப் பின்னால் வந்தார். இன்னும் தன் ஓட்டையும் போட்டிருக்கவில்லை. ஊனத்தால் என் குடும்பத்துக்குக் கிடைத்த சலுகைகளில் வரிசையைத் தாண்டுவது முக்கியமானது.

உள்ளே அதிகாரியாக இருந்தவர் விருதுநகர் பக்கத்திலிருந்து வந்த தங்கச்செல்வி டீச்சர். அவர் குரல் என் தலையைத் தாண்டிச் சித்தப்பாவிடம் போனது. "இவருக்குப் பேரு என்ன?"

"இவருக்கு உக்கிரபாண்டி" என்றேன் நான். "இவரு தனியாத்தான் ஓட்டுப் போடுவாராம் டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டார். "ரூல்ஸ்ல இருக்கு. தாராளமாப் போடுங்க தம்பி. உங்களுக்கு ஒரு லிஸ்ட் குடுத்து விட்டிருக்காங்க, இருங்க." உறையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. இதுவரை அதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஒட்டிய பசைகூட விட்டிருக்கவில்லை.

பட்டியலை மேசையில் வைத்துத் தடவினேன். பெயர்கள் ஒவ்வொன்றாக விரலுக்கடியில் எழுந்து வந்தன. எனக்கு வேண்டிய பெயரும் வந்தது. அங்கே விரல் ஒரு நொடி நிற்கப் பார்த்தது, நான் விடவில்லை. சித்தப்பாவின் மூச்சு என் தோளுக்கு மேலேயே இருந்தது. எல்லாப் பெயர்களிலும் ஒரே வேகத்தில் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன்.

"மாப்ள ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரில்ல வாசிக்கிறாரு" என்றது ஒரு குரல். மாரிச்சாமி மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எதிர்க்கட்சிக்கு ஏஜென்ட். அவரும் சித்தப்பாவும் தேர்தல் நேரத்தில் மட்டும் பேசிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் ஒருவரைப் பற்றி ஒருவர் அடுத்தவர் காதுபடப் பேசுவார்கள்.

விரலில் மை வைத்தார்கள். அட்டை மறைப்புக்குள் போனேன். அதற்குள் நின்றதும் எனக்கு ஒரு வினோதமான சந்தோஷம் வந்தது. என் ஆயுளில் யாரும் என்னைப் பார்க்காத இடத்தில் நான் நின்றதாக நினைவில்லை. கை போகும் இடத்தையெல்லாம் யாராவது பார்த்து, "அங்க இல்ல, இந்தா" என்பார்கள். இங்கே சட்டப்படி யாரும் பார்க்கக் கூடாது. இயந்திரத்தைத் தொட்டேன். குளிர்ந்த பிளாஸ்டிக். பட்டன்கள் வரிசையாக வந்தன. விரலை வலது ஓரத்துக்கு நகர்த்தினேன்.

புள்ளிகள் இல்லை. காய்ந்து வெடித்த ஏதோ ஒன்று மேடாக இருந்தது. கீழ் வரிசைக்குப் போனேன், அங்கேயும் ஒரு மேடு. அதற்குக் கீழேயும். விரலை மூக்கில் வைத்துப் பார்த்தேன்.

"டீச்சர், மெசின்ல சந்தனம் இருக்கு."

 வெளியே மாரிச்சாமி மாமா தொண்டையைச் செருமினார்.

"போன எலெக்சன்ல இந்தப் பூத்துல மெசினு மக்கர் பண்ணி மத்தியானம் வர வெயில்ல கெடந்தோம்ல மாப்ள. கண்ணு பட்டுருச்சுன்னு பேசிக்கிட்டாக. அதான் காலையில சந்தனம் குங்குமம் வச்சு ஆரம்பிச்சோம்."

"எப்ப வச்சீங்க?" டீச்சர் குரல் உயர்ந்தது.

"நீங்க பெரியாபீசருகிட்டப் போன்ல பேசிக்கிட்டிருந்தீகளே, அப்ப. பேரு மேல வச்சா பிரச்சாரம்பாக, சின்னத்து மேல வச்சா மறச்சுட்டோம்பாக. வலது ஓரந்தான் வெறுமனே கெடந்துச்சு. ஆளுக்கு ஒன்னா வச்சோம் டீச்சர். நோட்டாவுக்கும் சேத்து. பாரபட்சமே கெடையாது."

எங்கள் ஊரில் எல்லாக் கட்சிகளும் ஒன்றுகூடிச் செய்த ஒரே காரியம் அதுதான். அதன் முழுப்பலனும் எனக்கு வந்து சேர்ந்தது.

"நான் போய் இடத்தக் காட்டிட்டு வந்துர்றேன் டீச்சர்" என்றார் சித்தப்பா. செருப்புச் சத்தம் நகர்ந்தது.

"யாரும் உள்ள போகப்படாது" என்றார் மாமா.

"நான் வந்து தொடச்சு விடவா தம்பி?" என்று கேட்டார் டீச்சர்.

"நீங்களும் போகப்படாது. அப்புறம் எந்தப் பட்டன்ல கைபட்டுச்சுன்னு பேச்சு வரும்."

சந்தனம் வைத்தபோது இருந்த ஒற்றுமை அதோடு முடிந்தது. ஆளாளுக்குச் சட்டம் பேசினார்கள். அந்த நேரத்தில் அந்த அட்டைக்குள் நிற்க உரிமையுள்ள ஒரே ஆள் நான்தான் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மேலிருந்து பட்டன்களை எண்ணிக்கொண்டு வந்து போட்டிருக்கலாம். ஆனால் குத்துமதிப்பாக ஓட்டுப் போடுவதற்குக் கண் தெரிந்தவர்களே ஊரில் நிறைய இருக்கிறார்கள். நான் படித்துப் போட வந்தவன்.

"யாரும் வர வேணாம். நானே சொரண்டிக்கிறேன்."

எனக்கு வேண்டிய வரிசை இருக்கக்கூடிய இடத்தில் நகத்தை வைத்தேன். சித்திரைப் புழுக்கத்தில் சந்தனம் சுண்ணாம்பாக இறுகியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்தது. பெயரப் பெயர, அடியிலிருந்து ஒரு புள்ளி தலைகாட்டியது. பிறகு இன்னொன்று. சட்டை நுனியால் தேய்த்துவிட்டு விரலை ஓட்டினேன். எண். நான் தேடி வந்த அதே எண். சுவரில் பல்லி ஓடுவதுபோல் நெஞ்சுக்குள் என்னவோ ஓடியது. பட்டன் மேல் விரலை வைத்துவிட்டேன். அழுத்த வேண்டியதுதான்.

அப்போது வெளியே சித்தப்பாவின் குரல் கேட்டது. தணிந்த, நிதானமான குரல்.

"சொரண்டட்டும், சொரண்டட்டும். அடுத்த ஓட்டு என்னுதுதான். எந்த எடத்துல சொரண்டிருக்கான்னு உள்ள போய்ப் பாத்துக்கிறேன்."

விரலை எடுத்துவிட்டேன்.

என் ரகசியம் அந்த இயந்திரத்தில் மற்ற எல்லா வரிசையிலும் சந்தனமாகவும், ஒரே ஒரு வரிசையில் சந்தனம் இல்லாமலும் பட்டவர்த்தனமாக இருந்தது. வேறு வழியில்லை. முதல் வரிசைக்குப் போனேன். சுரண்டினேன். இரண்டாவதைச் சுரண்டினேன். யாரென்றே தெரியாத சுயேச்சைகளுக்கெல்லாம் சுரண்டினேன். டெபாசிட் போகப்போகிறவர்களின் எண்களையும் அதே அக்கறையோடு துலக்கினேன். அவர்கள் பிரச்சாரத்துக்காக இவ்வளவு உழைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். நகக்கண் எரிந்தது. சிரிப்பு வேறு வந்தது. அடக்க அடக்க வயிறு குலுங்கியது.

"என்னப்பா, உள்ள பாத்திரம் வெளக்குறாகளா?" என்று வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"தம்பி, என்ன ஆச்சு?" என்றார் டீச்சர்.

"முடிஞ்சுச்சு டீச்சர். நோட்டா மட்டும் பாக்கி."

வெளியே சிரித்தார்கள். சித்தப்பா சிரித்ததாகத் தெரியவில்லை. அவர் சிரிப்பு எனக்கு எந்தக் கூட்டத்திலும் தெரியும்.

எல்லாவற்றையும் ஒருமுறை மேலிருந்து கீழாகத் தடவினேன். எல்லா எண்களும் சுத்தமாக, ஒன்றுபோல் இருந்தன. என் வரிசைக்குத் திரும்பி வந்து, படித்து, அழுத்தினேன்.

பீப் நீளமாக ஒலித்தது. போன தடவை கேட்ட அதே சத்தம்தான். ஆனால் இந்தத் தடவை அது என் கைக்குள்ளிருந்து புறப்பட்டு முழங்கை வழியாக மேலே ஏறி வந்தது. வெளியே வந்தபோது கால் தரையில் சரியாகப் பாவவில்லை. டீச்சர், "கங்கிராட்ஸ் தம்பி" என்றார். மாரிச்சாமி மாமா, "சந்தனம் பூராவும் போச்சா மாப்ள? மெசினு நின்னா நீதான் பொறுப்பு" என்றார்.

சித்தப்பா என்னைத் தாண்டிப் போனார். பக்கத்தில் வந்தபோது நடை ஒரு கணம் தயங்கியது.  அட்டை மறைப்பின் ஓரம் அவர் தோளில் உரசியது.

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பீப் வரவில்லை. அவர் வழக்கமாக உள்ளே போன வேகத்தில் வெளியே வருகிறவர். வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது.

"என்ன மச்சான், உங்காளு எங்கன்னு தெரியலையா?" என்றார் மாமா, தேர்தல் விரதத்தை மறந்து.

 காதைக் கூர்மையாக்கினேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன ஒரு கட்டைவிரல் பிளாஸ்டிக்கில் உரசுகிற சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. சொரசொரப்பாக, மிக மெதுவாக, அது வலது ஓரத்தில் மேலிருந்து கீழே போனது. கடைசியில் கொஞ்சம் நின்றது. பிறகு கீழேயிருந்து, இன்னும் மெதுவாக, ஒவ்வொரு வரிசையின் புள்ளிகளிலும் நின்று நின்று மேலே ஏறத் தொடங்கியது.